காற்றுத் தூரம்

டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் "என்றைக்கு?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். கேட்டவர் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும். இரண்டு ஊருக்கு நடுவே உள்ள தூரம் நாளுக்கு நாள் மாறுமா என்ன? தரையில் மாறாது. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் மாறும். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்றுகூட மாறும்.

நான் விமான டிஸ்பாட்சராக இருந்து ஓய்வு பெற்றவன். விமானியை எல்லோருக்கும் தெரியும், எங்களைத் தெரியாது. புறப்படுவதற்கு முன் விமானியின் கைக்கு ஒரு காகிதக் கட்டு போகும், இப்போது டேப்லெட்டில் போகிறது. எந்த வழி, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், நடுவழியில் ஏதாவது ஆனால் எங்கே இறங்குவது எல்லாம் அதில் இருக்கும். அதைத் தயாரிப்பவன் டிஸ்பாட்சர். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விமானம் கிளம்புவதற்குக் கேப்டனும் டிஸ்பாட்சரும் சமமாகப் பொறுப்பு. இருவரில் ஒருவர் ஒப்பவில்லை என்றாலும் விமானம் நகராது. ஆனால் கல்யாண வீட்டில் "விமானத்துறையில் இருக்கேன்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "டிக்கெட் சல்லிசாக் கிடைக்குமா?" என்பதுதான். அதற்குப் பழகிவிட்டேன்.

இணையத்தில் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ தூரத்தைத் தேடினால் சுமார் 12,370 கிலோமீட்டர் என்று வரும். பூகோள உருண்டையில் இரண்டு ஊரிலும் குண்டூசி குத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கிற கோடு அது. சுவரில் தொங்குகிற தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நூல் போகிற வழி வியப்பாக இருக்கும். அட்லாண்டிக்கையும் அது தொடாது, பசிபிக்கின் நடுவிலும் போகாது. டெல்லியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, இமயத்தையும் திபெத்தையும் தாண்டி, சைபீரியா வழியாக ஆர்க்டிக் கடலை எட்டி, அலாஸ்கா மேலே ஏறி இறங்கி, கனடாக் கரையோரமாக வந்து சேரும். மிகக் குறைந்த தூரம் அதுதான். அதன் மேலேயே அச்சுப்பிசகாமல் எந்தப் பயணி விமானமும் போவதில்லை.

முதல் தடை திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று போய்விட்டால் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும்; அங்கேதான் மனிதன் முகமூடி இல்லாமல் மூச்சு விடலாம். தலைக்கு மேலிருந்து தொங்கும் மஞ்சள் முகமூடியில் பெரும்பாலான விமானங்களில் சுமார் கால் மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன் வரும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், அதாவது பதினாலாயிரம் அடிக்கு மேல். இறங்கலாம் என்று பார்த்தால் இறங்குகிற இடத்தில் மலை இருக்கிறது. அதனால் டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிற விமானம் நேர் வடக்கே போகாமல், மேற்கே ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா பக்கம் ஒதுங்கும்; இல்லையென்றால் கிழக்கே வங்கதேசம், மியான்மர், சீனா, ஜப்பான் என்று சுற்றும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதைத் தீர்மானிப்பதில்தான் எங்கள் தொழிலே தொடங்குகிறது.

நான் மீனம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதையெல்லாம் கையால் போட்டோம். வானிலை அலுவலகத்திலிருந்து மேல்காற்று வரைபடம் வரும். அதில் அம்புக்குறி மாதிரி கோடுகள் இருக்கும். கோட்டின் வாலில் உள்ள சிறு சிறகுகளை எண்ணினால் காற்றின் வேகம் தெரியும். அரைச் சிறகு ஐந்து நாட், முழுச் சிறகு பத்து, நிரப்பிய முக்கோணம் ஐம்பது. வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளுகிறது என்று வட்டமான கணக்குத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதுவோம். சிங்கப்பூர் வரைக்குமான ஒரு வழியைப் போட்டு முடிப்பதற்குள் தேநீர் இரண்டு முறை ஆறிப்போகும். இப்போது கணினி ஒரு சில நொடிகளில் பல வழிகளைப் போட்டு, எது மலிவு என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கையால் போட்டவனுக்கு ஒன்று மனதில் பதிந்துபோயிருக்கும்: விமானத்துக்குத் தரை தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்தக் காற்று முழுவதுமே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் விமானமும் அதோடு சேர்ந்து நகரும். பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் தரையைப் பொறுத்தவரை 1,050. முன்னாலிருந்து அடித்தால் 750. எஞ்சின் உழைப்பது இரண்டுக்கும் ஒரே உழைப்புதான். அதனால் எங்கள் தாளில் இரண்டு தூரங்கள் இருக்கும். ஒன்று தரைத் தூரம். இன்னொன்று காற்றுத் தூரம். விமானம் உண்மையில் எவ்வளவு காற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்கிற கணக்கு. எரிபொருளும் நேரமும் இரண்டாவதைப் பார்த்துத்தான் ஓடும். முதலாவது பயணிகளுக்கு.

இதற்கு 2016 அக்டோபரில் ஏர் இந்தியா செய்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ நேரடி விமானத்தைத் தொடங்கியிருந்தார்கள். போயிங் 777-200எல்ஆர் விமானம், அட்லாண்டிக் வழி, சுமார் 13,900 கிலோமீட்டர். அக்டோபரில் வழியை அப்படியே திருப்பி பசிபிக் பக்கம் விட்டார்கள். தூரம் 15,300 கிலோமீட்டருக்குப் போனது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல். பத்திரிகைகள் உலகத்தின் மிக நீளமான இடைநில்லா விமானம் என்று எழுதின. எங்கள் ஆட்கள் பார்த்தது வேறொரு எண்ணை: பதினாலரை மணி நேரம். பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைவு.

அன்று நான் வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்தும் போகாமல் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினாலரை மணி நேரத்தை 900-ஆல் பெருக்கினால் சுமார் 13,000. பழைய வழியின் பதினாறரை மணி நேரத்தை அதே 900-ஆல் பெருக்கினால் 14,850. அதாவது தரையில் 15,300 இருக்கிற வழி, காற்றில் 13,000 ஆகிவிடுகிறது. தரையில் 13,900 இருக்கிற வழி, காற்றில் 15,000-ஐ நெருங்குகிறது. எது நீளம், எது குட்டை? என் பக்கத்து மேசைக்காரர், "நீளமான வழின்னு பேப்பர்ல வந்ததுக்குப் பெட்ரோல் மிச்சம்னு வந்திருக்கணும்" என்றார். (எங்கள் அறையிலும் எரிபொருளைப் பெட்ரோல் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்காரன்.)

இந்தக் காற்றின் கதை சுவையானது. நடு அட்சரேகைகளில், மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற குறுகலான வேகக் காற்றை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். வடக்கே குளிர், தெற்கே வெப்பம். அந்த வித்தியாசம் கூடுகிற குளிர்காலத்தில் காற்று மூர்க்கமாகும். ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது குளிர்காலத்தில் அதிசயமே இல்லை. 1920-களில் வசாபுரோ ஓயிஷி என்கிற ஜப்பானிய வானிலையாளர் தாத்தேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு இதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில், 1944 கடைசியில், ஜப்பான் மேல் உயரப் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அது பெரிய பேச்சாயிற்று. குண்டுகள் இலக்கில் விழவில்லை. எதிர்த்துப் பறந்தவர்கள் தரையைப் பார்த்தால் நகர்ந்த மாதிரியே இல்லை.

பாளையங்கோட்டையில் என் அத்தை இருக்கிறார். மகள் சான் ஹோசேயில். பேரன் பிறந்ததிலிருந்து அத்தைக்கு என் தொழிலில் அக்கறை வந்துவிட்டது. ஒருமுறை போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, போம்போது பதினாலரை மணி நேரம்னான். வரும்போது பதினாறுங்கான். ஒரே ஊருதானய்யா? எங்கயும் சுத்திக் கூட்டிட்டு வாறானுவளா?"

"அத்தை, குறுக்குத்துறையில ஆத்தோட போக்குல நீந்துறதும் எதுத்து நீந்துறதும் ஒண்ணா?"

"அது தண்ணியில்லா?"

"மேலயும் ஆறுதான் அத்தை. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அத்தை அதோடு விடவில்லை. பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசம் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் சொன்னாராம். வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது. படித்தவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். விமானம் மேலே போய்விட்டால் பூமி அடியில் சுழன்று ஊர் பக்கத்தில் வந்துவிடும் என்று ஒரு கற்பனை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்தக் கற்பனை உண்மையென்றால் மேற்கே போகிறவனல்லவா சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்? நடப்பது நேர்மாறு. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கு நோக்கி ஓடுவதில் பூமிச் சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் சுற்றுவழியாக. 2020 பிப்ரவரியில் ஒரு புயலின் புண்ணியத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணி விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போயிற்று. அன்றைக்கு எதிர்த்திசையில் வந்தவர்களை யாரும் செய்தியாக்கவில்லை.

காற்றுக்கு அடுத்தது எடை. எரிபொருளை எரிப்பதற்காகத்தானே ஏற்றுகிறோம். ஆனால் ஏற்றிய எரிபொருளைத் தூக்கிச் செல்லவும் எரிபொருள் வேண்டும். 777 மணிக்கு ஏழு டன்னையொட்டி எரிக்கும். பதினான்கு மணி நேரப் பயணத்துக்குக் கூடுதலாக ஒரு டன் ஏற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு டன்னைச் சுமப்பதிலேயே தீர்ந்துபோகும். கணக்கு இப்படி அடுக்கப்படும்: வழிக்கு நூறு டன்னுக்கு மேல், எதிர்பாராததற்கு அதில் ஐந்து சதவீதம், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் அடுத்த ஊருக்கு, அதற்கும் மேலே, எந்த நிலையிலும் தொடக்கூடாத முப்பது நிமிடம். அதன் பிறகு கேப்டனுக்கென்று ஓர் உரிமை, காரணம் சொல்லாமலே கூடுதலாகக் கேட்கலாம்.

மூத்த கேப்டன் ஒருவர் இருந்தார், பாலக்காட்டுக்காரர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். தாளைப் புரட்டிவிட்டு, "ரெண்டு டன் சேர்த்துப் போடு தம்பி" என்பார்.

"சார், அதுல முக்கால் டன் தூக்கிட்டுப் போறதுக்கே போயிடும். சரக்குல ரெண்டு டன் இறக்கணும். கமர்ஷியல்காரன் என்னைத் தின்னுடுவான்."

"முக்கால் போகட்டும். மிச்சம் ஒண்ணேகால் டன் இருக்குல்ல, அது எனக்குப் பத்து நிமிஷ நிம்மதி."

ஏற்றினேன். கமர்ஷியல்காரர் சத்தம் போட்டார். இது ஏறக்குறைய எல்லா டிஸ்பாட்சருக்கும் வாரத்தில் ஒரு நாளாவது நடப்பது. டெல்லிக் கோடையில் இன்னும் மோசம். சூடான காற்று லேசானது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அதில் பிடிப்புக் குறைவு. 45 டிகிரி வெயிலில் நிறைசுமையோடு எழும்ப முடியாது. நீண்ட தூர விமானங்களில் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கம் கெட்டது என்று திட்டுகிற பயணிகள் வெயிலையும் சேர்த்துத் திட்டலாம்.

பசிபிக் வழியில் எனக்கு எப்போதும் கண் போவது ஒதுங்க இடம் எங்கே என்பதில். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை மட்டும் வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலும் 180 நிமிடம், ஓர் ஓடுதளத்தை அடைய முடிய வேண்டும். வழி முழுக்க எந்தப் புள்ளியில் நின்றாலும் இது பொருந்த வேண்டும். வட பசிபிக்கில் இருப்பதோ நாலைந்து ஊர்கள். ஜப்பானில் சிட்டோசே, ரஷ்யாவில் பெட்ரோபாவ்லோவ்ஸ்க், அலூஷியன் தீவுகளில் ஷெம்யா, அலாஸ்காவில் கோல்ட் பே. கோல்ட் பே என்பது நூறு பேர்கூட நிரந்தரமாக வசிக்காத ஊர். ஆனால் இரண்டாம் உலகப்போரில் போட்ட மூன்று கிலோமீட்டர் ஓடுதளம் இருக்கிறது. அந்த ஊரின் மூடுபனியையும் குறுக்குக் காற்றையும் பார்த்துத்தான் டெல்லியில் முன்னூறு பேர் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவாகும். அங்கே வானிலை கெட்டால் வழியையே தள்ளிப் போட வேண்டும். தள்ளினால் தூரம் கூடும்.

ஏட்டில் ஓடுதளம் இருந்தால் மட்டும் போதாது என்று 2023 ஜூன் காட்டியது. டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போன 777 ஒன்று எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. பத்திரமாக இறங்கியது. விமானத்தைப் பொறுத்தவரை எல்லாம் சட்டப்படி. ஆனால் 216 பயணிகளும் 16 ஊழியர்களும் அந்தக் கடலோர ஊரில், பள்ளிக்கூடத்தில் தரையில் விரித்த மெத்தைகளில் படுத்து, மொழி தெரியாமல், மாற்று விமானம் வரக் காத்திருந்தார்கள். வரைபடத்தில் அந்த ஊர் எங்களுக்கு நாலு எழுத்துக் குறியீடு மட்டுமே. இப்போது இளையவர்களிடம் ஒதுங்கும் ஊர்களைப் பற்றிப் பேசும்போது, அங்கே எத்தனை படுக்கை இருக்கிறது என்றும் கேட்கச் சொல்கிறேன்.

துருவ வழியையும் சொல்லிவிட வேண்டும். 2019 ஆகஸ்ட் 15 அன்று டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானம் ஒன்று அந்த வழியில் போனது. 2021 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண்கள் மட்டுமே ஓட்டிய விமானம் வட துருவத்தின் மேல் பறந்து வந்தது. அந்த வழியில் காற்று பெரிதாக உதவாது, உபத்திரவமும் செய்யாது. கவலை வேறு. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் நிரப்புகிற ஜெட் ஏ மைனஸ் 40-லேயே. வெளியே மைனஸ் 65, 70 இருக்கும்போது இறக்கைக்குள் இருக்கிற எரிபொருள் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும். எல்லையை நெருங்கினால் வேகத்தைக் கூட்டியோ உயரத்தைக் குறைத்தோ சூடேற்ற வேண்டும். இரண்டும் எரிபொருளைத் தின்னும். காந்தத் திசைகாட்டி அங்கே உதவாது. சூரியன் சீறினால் ரேடியோவும் போய்விடும். அதனால் விண்வெளி வானிலையையும் படிக்கிற வேலை எங்கள் தலையில் விழுந்தது.

இவ்வளவும் இயற்கை. மனிதர்கள் போடுகிற வேலி இன்னொன்று. 2019 பிப்ரவரி 27-இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஜூலை 16 வரை முழுதாகத் திறக்கவில்லை. டெல்லியிலிருந்து மேற்கே போகிற ஒவ்வொரு விமானமும் குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடல் மேல் சுற்றி ஏற வேண்டியிருந்தது. டெல்லி–இஸ்தான்புல் இண்டிகோ விமானம் தோஹாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனது. ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நட்டம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அந்த மாதங்களில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலில் பார்த்தது காற்று வரைபடத்தை அல்ல, வான்வெளி அறிவிப்புகளை. 2025 ஏப்ரலில் மறுபடியும் மூடினார்கள். அதற்குள் நான் ஓய்வில். பழைய சகாக்கள் போனில் புலம்பியதைக் கேட்டுக்கொண்டேன்.

ஃபின்லாந்துக்காரர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கும். சோவியத் காலத்தில் ரஷ்யா மேல் பறக்க முடியாமல், 1983-இல் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு வட துருவத்தைச் சுற்றி இடைநில்லா விமானம் விட்டார்கள். பிறகு ரஷ்யா திறந்தது. ஒன்பது மணி நேரத்தில் டோக்கியோ என்று ஆசியாவுக்கே குறுக்கு வழி நாங்கள்தான் என்று விளம்பரம் செய்து வளர்ந்தார்கள். 2022-இல் உக்ரைன் போர். வானம் மூடியது. ஒன்பது மணி நேரம் பதின்மூன்றாயிற்று. மறுபடி துருவத்தின் மேல் பறந்தார்கள். ஊர் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

டிக்கெட்டில் அச்சிடும் நேரத்துக்கு வருகிறேன். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை ஆறு மணிக்குச் சான் ஃபிரான்சிஸ்கோ என்று பார்த்து இரண்டு மணி நேரப் பயணம் என்று சிரிப்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பதின்மூன்றரை மணி நேரக் கடிகார வித்தியாசம். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நேரம் பறக்கும் நேரமும் அல்ல. கேட்டிலிருந்து சக்கரத் தடையை எடுத்ததில் தொடங்கி மறுமுனையில் தடை வைக்கும் வரை உள்ள நேரம். முந்தைய ஆண்டுகளில் அந்தப் பருவத்தில் அடித்த காற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் தாமதம் என்று பேர் வாங்காத அளவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார்கள். டெல்லியின் டிசம்பர் மூடுபனிக்கு இதில் பங்கு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் உண்டு. அங்கே விமானங்கள் இறங்குகிற இரண்டு இணை ஓடுதளங்களுக்கும் நடுவே 750 அடிதான் இடைவெளி. கடலிலிருந்து தாழ்மேகம் ஏறி வந்துவிட்டால் இரண்டிலும் ஜோடியாக இறக்க முடியாது. வரிசையாகத்தான் வர வேண்டும். கோடைக் காலையில் அது வழக்கமான சங்கதி.

போன ஜனவரியில் அத்தை மறுபடி கிளம்பினார். முந்தின நாள் ராத்திரி மேல்காற்று வரைபடத்தைப் பார்த்தேன். ஜப்பானுக்குக் கிழக்கே நல்ல சிவப்பு, அதாவது பலத்த காற்று. அவர் மகளிடம், "டிக்கெட்டில் போட்டதுக்கு அரை மணி முந்தியே விமானநிலையத்துக்குப் போயிடு" என்று சொல்லிவைத்தேன். விமானம் நாற்பது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது. கேட் காலியாகவில்லை என்று அதில் இருபத்தைந்து நிமிடம் டாக்சிவேயில் நிறுத்திவைத்தார்கள். மீதி குடியேற்ற வரிசையில் போயிற்று.